ஃபியூஸ் பெட்டியின் மேல் ஒரு கத்தி

பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். எங்கள் வீட்டுக் கதவுக்கும் மல்லிகாக்கா வீட்டுக் கதவுக்கும் நடுச் சுவரில் ஒரு ஃபியூஸ் பெட்டி உண்டு. அதன் மேல் சிவப்புக் கத்தி இருந்தது.

மூன்று வாரமாகக் காணாமல் போயிருந்த கத்தி.

ஹோலி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. படிக்கட்டில் சிந்திய ரோஸ் சாயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது, யாரோ வாளியை இழுத்தார்கள்.

கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். என் கணவர் தங்கராஜ் சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டாங்க!"

அவர் "ம்" என்றார். நான் வெற்றியோடு கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். அதன் மூலையில் இருக்கும் சின்னத் துளையில், தந்த நிறத்தில், பல்குத்தும் குச்சி இருந்தது.

என் கத்தியின் பல்குத்தும் குச்சி தொலைந்து வருஷம் மூன்று ஆகியிருந்தது.

யாரைக் குத்த?

லோக்கல் ரயிலில், பெண்கள் பெட்டியில், வெந்தயக் கீரைக் கட்டின் நூலை என் கைப்பைக் கத்தியால் அறுத்துக் கொடுத்ததைப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், "அம்மா, கைப்பையில் கத்தி எதற்கு? யாரைக் குத்த?" என்று கேட்டிருக்கிறார்.

யாரையும் குத்தவில்லை ஐயா. ஒரே ஒருத்தியைத்தான் குத்தினேன், அதுவும் வாயால். கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் அப்போது புனே பக்கம் சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியில் இரண்டாம் மாடியில் இருந்தோம். எதிர்வீடு குமரேசன் அண்ணனும் அவர் மனைவி மல்லிகாக்காவும். அவர்கள் வேலூர்ப் பக்கம், நாங்கள் திருநெல்வேலி. ஊரில் இருந்திருந்தால் ஒருவர் தமிழைக் கேட்டு ஒருவர் சிரித்திருப்போம். சிஞ்ச்வட்டில் அந்தக் கட்டடத்திலேயே தமிழ் கேட்கும் வீடுகள் இரண்டுதான் என்பதால் சிரிக்காமல் பழகிக்கொண்டோம்.

இரண்டு ஆண்களும் ஒரே தொழிற்சாலையில் ஃபிட்டர்கள். அங்கே புது மெஷின் மாட்ட ஒரு ஜெர்மன்காரர் வந்தார். இரண்டு மாதம் இவர்களோடு கிரீஸில் புரண்டு வேலை பார்த்துவிட்டு, ஊருக்குப் போகும்போது கூட இருந்த ஆட்களுக்கு ஆளுக்கொரு கத்தி கொடுத்தார். சிவப்புக் கைப்பிடி. மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கும். விரித்தால் ஒரு பட்டறையே இருந்தது: பெரிய கத்தி, சின்னக் கத்தி, கத்தரிக்கோல், ஸ்க்ரூ டிரைவர், டப்பா திறக்கிற அலகு, முள் எடுக்கிற சாமணம், துளை போடுகிற ஊசி, பல்குத்தும் குச்சி. அப்புறம் பன்றி வால் மாதிரிச் சுருண்ட ஒரு கம்பி. அதற்கும் பிறகு ஒரு கொக்கி.

குமரேசன் அண்ணன் தன் கத்தியை ஒரு முறை திறந்து பார்த்தார். மடக்கினார். வந்த டப்பாவிலேயே போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "ஃபாரின் சாமான். கெட்டுப்பூடும்" என்றார். அதோடு சரி, அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கென்று ஒருத்தர் கொடுத்த பரிசு அது ஒன்றுதான் என்று மல்லிகாக்கா சொல்லுவாள்.

எங்கள் வீட்டுக் கத்தி என் கணவருக்குக் கொடுத்தது, எனக்கு ஆனது. முதல் மாதமே பல்குத்தும் குச்சியை ஒரு கல்யாண வீட்டில் இலையோடு இலையாகச் சுருட்டிப் போட்டுவிட்டு வந்தார் மனிதர். அன்றைக்கே கத்தியைப் பறித்து என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

கத்திக்காரி

நான் சிவாஜிநகரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலையில் இருந்தேன். தினமும் லோக்கல் ரயில். அந்தக் கத்தியோடு போன முதல் வருஷத்தில் நான் என்னென்ன செய்தேன் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

மேனேஜரின் மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூவை முடுக்கினேன். தபால் பார்சல்களைப் பிரித்தேன். தட்டச்சு இயந்திரத்தில் ரிப்பன் சிக்கினால் சாமணம். ரயிலில் ஒரு பெண்ணின் செருப்பு வார் அறுந்தபோது ஊசி முனையால் புதுத் துளை போட்டேன். ஒரு கல்லூரிப் பெண்ணின் துப்பட்டா ஜன்னல் கம்பியில் மாட்டிக்கொண்டு அவள் அழாத குறை. கத்தரிக்கோலால் ஒரு நுனி நறுக்கினேன், அவ்வளவுதான். மராத்திக்காரப் பெண்கள் எனக்குச் 'சாக்கூவாலி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். கத்திக்காரி.

சுருள் கம்பி எதற்கென்று ஜெர்மன்காரர் சைகையில் காட்டினாராம். தக்கை அடைத்த ஒயின் பாட்டில் திறக்கவாம். அந்த மாதிரி பாட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்ததே இல்லை. ஒரு முறை குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டையில் அடைத்திருந்த முடியை அதை விட்டுச் சுழற்றி இழுத்தோம். ஒரு சவரி முடி அளவு வந்தது.

கொக்கிதான் யாருக்கும் விளங்கவில்லை. என் கணவர் கம்பி வளைக்க என்றார். அலுவலகத்துப் பியூன் மீன் பிடிக்க என்றார். பின்னாளில், கம்ப்யூட்டர்கள் வந்து தட்டச்சு இயந்திரங்கள் மூலைக்குப் போன காலத்தில், கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க வந்த பையன் மூடியின் ஸ்க்ரூவை என் கத்தியால் கழற்றிவிட்டு, "மேடம், இந்தக் கொக்கி எதுக்கு?" என்று என்னையே கேட்டான். நான் கண்ட பதில் ஒன்றுதான், அதையும் மல்லிகாக்காதான் கண்டுபிடித்தாள். கொதிக்கிற குக்கரின் வெயிட்டைக் கை சுடாமல் தூக்க அந்தக் கொக்கி அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. ஜெர்மனியில் குக்கர் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது.

கையில் கொடுக்காதே

கத்தி, உப்பு, மிளகாய் இவற்றைக் கையோடு கை கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும். இது வேலூரிலும் உண்டு, திருநெல்வேலியிலும் உண்டு. கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு அதில் நம்பிக்கை இருந்ததா? கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் கை நீளாது. ஔந்துக்கு வீடு மாறிய பிறகு, அங்கே புதிதாகத் திறந்த ஒரு பெரிய கடையின் வாசலில் காவல்காரர் என் பையைத் துழாவி, "கத்தியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று இந்தியில் சொல்லிக் கையை நீட்டினார். நான் அவர் மேஜையில் வைத்தேன். அவர் மறுபடியும் கையை நீட்டினார். நான் மறுபடியும் மேஜையைக் காட்டினேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. முன்பின் தெரியாத காவல்காரரோடு எனக்கு என்ன சண்டை வந்துவிடப் போகிறது, சொல்லுங்கள்.

ஆக, எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்த ஃபியூஸ் பெட்டிதான் கை. மல்லிகாக்காவுக்கு என் கத்தி வேண்டும் என்றால் குரல் கொடுப்பாள். நான் பெட்டி மேல் வைப்பேன். வேலை முடிந்ததும் அவள் பெட்டி மேல் வைத்துவிட்டு, "செல்வி, வச்சிட்டேம்மா" என்று கத்துவாள். உப்புக் கிண்ணமும் மிளகாய்ப் பொட்டலமும் அந்த வழியேதான் போய் வந்தன. மேல்மாடி மராத்திக்கார அம்மாள், "இந்தப் பெட்டிக்குப் பூஜை ஏதாவது போடுகிறீர்களா?" என்று ஒரு நாள் கேட்டே விட்டாள்.

பெட்டி மேல் வைக்காத ஒன்று என் மகள் ரேவதி. அவளை மட்டும் கையோடு கைதான் கொடுப்பேன். காலை எட்டு மணிக்கு மல்லிகாக்கா இடுப்பில் ஏறினால் மாலை ஆறரைக்குத்தான் இறங்குவாள். அக்காவுக்கு இரண்டும் பையன்கள், பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். ரேவதிக்கு இரண்டரை வயது. என்னை அம்மா என்பாள், அவளை மல்லிம்மா என்பாள். நான் வேலைக்குப் போனது, என் கையில் சம்பளம் என்று ஒன்று இருந்தது, எல்லாம் அந்த இடுப்பின் தயவு.

அந்த வியாழக்கிழமை

பிப்ரவரி கடைசி இருக்கும். காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் பிளாட்பாரத்தில் நிற்க முடியாது, மத்தியானம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. புதன்கிழமை சாயங்காலம் மல்லிகாக்கா குக்கர் கைப்பிடி ஆடுகிறது என்று கத்தியைக் கேட்டாள். வைத்தேன். எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் வியாழன். தொழிற்சாலைகளுக்கு வார விடுமுறை, எனக்கு இல்லை. அலுவலகத்தில் ஒரு பார்சல் வந்தது. பைக்குள் கையை விட்டேன். கத்தி இல்லை.

சாயங்காலம் பிள்ளையை வாங்கும்போது கேட்டேன். "அக்கா, கத்தி எங்க?"

"காத்தாலயே பெட்டி மேல வச்சிட்டேனே. ஆறு மணி இருக்கும்."

"காலைல அங்க ஒண்ணும் இல்லியே."

"நீதான் எட்த்துக்கினு போயிருப்பே."

"நான் எடுக்கலக்கா. எடுத்திருந்தா பைக்குள்ளல்ல இருக்கும்?"

வீட்டில் கேட்டேன். "நான் எந்திரிச்சதே ஒம்பது மணிக்கு" என்றார் என் கணவர். அது உண்மைதான். படிக்கட்டில் தேடினேன், பெட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன், குப்பை எடுக்க வரும் பாயிடம் கேட்டேன். கிடைக்கவில்லை.

அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை, இன்றைக்கு உறைக்கிறது. அக்கா அதை என்னிடம் கொடுக்கவே இல்லை, பெட்டியிடம்தான் கொடுத்தாள். நானும் அவளிடமிருந்து வாங்கவே இல்லை. சண்டை வரக் கூடாது என்று செய்த ஏற்பாட்டில் சாட்சி சொல்ல அந்தப் பெட்டியைத் தவிர ஆள் இல்லாமல் போயிற்று.

மூன்றாம் நாள் என் வாய் கட்டுப்படவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. அக்கா, "நா பொய் சொல்றேன்றியா?" என்று கேட்டாள். நான் சொன்னேன்:

"உங்க பீரோவத் திறந்து பாருங்க. ரெண்டா இருக்கப் போகுது."

சொன்ன மாத்திரத்தில் அவள் முகம் எப்படி ஆனது என்று எழுத வரவில்லை. கோபப்படுவாள், திட்டுவாள், நானும் திட்டலாம் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. இடுப்பில் இருந்த ரேவதியை இறக்கி, என் பக்கமாக நிறுத்தி, கதவைச் சாத்தினாள்.

பாளணாகர்

திங்கட்கிழமை பிள்ளையை எங்கே விடுவது? மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டேனா? ஸ்டேஷன் ரோட்டில் ஒரு பாளணாகர் இருந்தது. இரண்டு அறைகளில் பதினைந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம். அங்கே சேர்த்தேன். நடத்திய அம்மாள் நல்லவள்தான். ஆனால் ரேவதிக்கு மராத்தி தெரியாது, அந்த அம்மாளுக்குத் தமிழ் தெரியாது. பிள்ளை தண்ணீர் கேட்டால் அவள் பொம்மையைக் கொடுத்தாள்.

தினமும் காலையில் கதவைப் பூட்டும்போது ரேவதி எதிர்க் கதவைப் பார்த்துக் கையை நீட்டுவாள். "மல்லிம்மாட்ட போணும்." நான் தூக்கிக்கொண்டு இறங்குவேன். அவள் அழுகை இரண்டு மாடிக்கும் கேட்கும். உள்ளே அக்காவுக்கும் கேட்டிருக்கும். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

இப்படி மூன்று வாரம் போன பிறகுதான் ஹோலி முடிந்த அந்தக் காலை. பெட்டி மேல் கத்தி.

சரி, பல்குத்தும் குச்சி எப்படி வந்தது? நானே கேள்வி கேட்டு நானே பதில் சொன்னேன். அவர்களுடைய கத்தியிலிருந்து எடுத்து இதில் செருகியிருப்பாள். எதற்கு? மனசாட்சிக்கு. பெரிய கத்தியைத் திறக்கப் போனால் இறுக்கமாக இருந்து என் நகம் உடைந்தது. என் கத்தி தொட்டாலே திறக்குமே? வெயிலில் வைத்திருப்பாள், இறுகிவிட்டது. சிவப்பு இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே? துடைத்திருப்பாள்.

என் கணவர் பல் துலக்கிக்கொண்டே வாங்கிப் பார்த்தார். "ஏ செல்வி, இது நம்மது இல்ல போலிருக்கே."

"எல்லாம் நம்மதுதான். பேசாம போய்க் குளிங்க."

பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். நான் கண்ணைத் திறந்துகொண்டே நினைத்தேன்.

அக்காவிடம் பேசவில்லை. கொண்டு வந்து வைத்தவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று அதற்கும் அவள் மேலேயே கோபம். படியில் எதிரே வந்தால் அவள் சுவர்ப் பக்கம் ஒதுங்குவாள், நான் கம்பிப் பக்கம் ஒதுங்குவேன். மழைக்காலம் வந்து போயிற்று. கணபதிக்குச் சொசைட்டியில் பந்தல் போட்டார்கள். இரண்டு வீட்டு ஆண்களும் சேர்ந்து விளக்குச் சரம் கட்டினார்கள், பெண்கள் இருவரும் பந்தலின் ஆளுக்கொரு மூலையில் நின்றோம்.

தீபாவளிக்கு வீடு ஒதுங்க வைத்தபோது எதிர்வீட்டில் குமரேசன் அண்ணனின் குரல் உயர்ந்து கேட்டது. அவர் அதிர்ந்து பேசாத மனிதர்.

"டப்பா கீது, உள்ள இருந்தது எங்க? பூட்டு போட்ட பீரோவுல இருந்து எப்டிப் போவும்?"

அக்காவின் குரல் மெதுவாக வந்தது. "தொலஞ்சி பூட்சி. எங்க வச்சேன்னு தெர்ல."

நகை எதையோ தொலைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கூசாமல் சொல்லுகிறேன், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஸ்வெட்டர்

தீபாவளி முடிந்ததும் புனேயில் குளிர் சொல்லாமல் வந்து நிற்கும். டிரங்குப் பெட்டியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தேன். அந்துருண்டை வாசனை மூக்கைத் துளைத்தது. ரேவதியைப் பாளணாகரில் விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

பிளாட்பாரத்தில் குளிருக்குக் கையை ஸ்வெட்டர் பையில் விட்டேன். கனமாக ஏதோ தட்டுப்பட்டது.

எடுத்தேன். சிவப்புக் கைப்பிடி. ஓரமெல்லாம் தேய்ந்து வெளுத்த சிவப்பு. மூலையில் காலித் துளை.

கைப்பையைத் திறந்தேன். அதற்குள்ளும் கத்தி இருந்தது. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மராத்திக்காரத் தோழி, "அரே, தோன் சாக்கூ?" என்றாள். ஆமாம், இரண்டு. ரெண்டா இருக்கப் போகுது என்று நான் சொன்னது அப்படியே பலித்திருந்தது. பீரோதான் வேறு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளாவது ஊரில் யாரையும் திருடி என்று சொல்லியிருக்க மாட்டாள்.

எப்படி வந்தது? சத்தியமாக எனக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமை காலையில் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, வாயில் வீட்டுச் சாவி. போகிற போக்கில் எடுத்து ஸ்வெட்டர் பையில் போட்டிருப்பேன். கை செய்தது, தலைக்குத் தெரியவில்லை. மத்தியானம் வெயில் ஏறியதும் கழற்றிச் சுருட்டினேன். அன்றோடு குளிர் விட்டது, மறுபடி அதைப் போடவில்லை, துவைக்காமல் வெயிலில் காட்டி அப்படியே மடித்து வைத்தேன். எத்தனையோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், எடுத்த அந்த நிமிஷம் மட்டும் நினைவுக்கு வரவே இல்லை.

ரயில் வந்தது. தோழி ஏறிக்கொண்டு கையை ஆட்டிக் கூப்பிட்டாள். நான் ஏறவில்லை.

டப்பா கீது, உள்ள இருந்தது எங்க? அந்தக் குரல் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் கணவரின் ஒரே பரிசை, பூட்டிய பீரோவிலிருந்து, அவருக்குத் தெரியாமல் எடுத்து எனக்காகப் பெட்டி மேல் வைத்திருக்கிறாள். நான் அவளைத் திருடி என்றதற்குப் பதிலாக.

கதவு

படியேறி எதிர்வீட்டு மணியை அடித்தேன். எட்டு மாதம் கழித்து அடிக்கிறேன். மல்லிகாக்கா கதவைத் திறந்தாள். கையெல்லாம் கோதுமை மாவு. என்னைப் பார்த்ததும் முகம் இறுகிற்று.

இரண்டு கத்தியையும் காட்டினேன். "அக்கா, என் ஸ்வெட்டர் பைக்குள்ளயே இருந்திருக்கு."

அவள் கத்திகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"என்னோடதுல பல்லு குத்தற குச்சி இருந்துச்சே. நீ பாக்கலியா?"

பார்க்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"பாத்தேன்க்கா."

"பாத்தியா?"

"பாத்தேன். அன்னைக்கே பாத்தேன்."

"பாத்துட்டும் எட்டு மாசம் அந்தப் புள்ளய அழ உட்டியா? என்ன இன்னா வோணும்னாலும் சொல்லிக்கோ. காத்தால காத்தால அது கத்தறதக் கேட்டுக்கினு கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கினு இருப்பேன். தெரியுமா உனக்கு?"

நான் அழுதேன். மன்னிச்சிருங்கக்கா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, நினைவில்லை. கத்தியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. கை பழக்கத்தில் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் போயிற்று.

"கைல குடு" என்றாள் அக்கா.

"சண்டை வரும்க்கா."

"அட போடி. இதுக்கு மேல இன்னா சண்ட வரப்போவுது?"

மாவுக் கையை நீட்டினாள். இரண்டையும் அந்தக் கையில் வைத்தேன். புதியதைத் துடைத்து, பீரோவைத் திறந்து, அதன் டப்பாவில் போட்டு மூடினாள். "சாயங்காலம் அவருகிட்ட கெட்ச்சிட்சின்னு சொல்லிக்கறேன்" என்றாள். பழையதை மடியில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். குக்கர் மேடையில் இருந்தது. அதன் கைப்பிடியில் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"ஸ்க்ரூ கழண்டுக்கினே கீது. துணிய சுத்தித்தான் புடிக்கிறேன்."

"வேற ஸ்க்ரூ டிரைவர் இல்லியாக்கா?"

"எத்தினியோ கீது. கோவம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவள் முடுக்க, நான் குக்கரைப் பிடித்துக்கொண்டேன். முடுக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை. என்னைத் திரும்பிப் பாராமலேயே கேட்டாள்.

"அந்த எடத்துல புள்ளைக்கு மத்தியானத்துக்கு இன்னா குடுக்கறாங்க?"

"போஹா. தினமும் அவல்தான்."

"அது தயிர் சோறுதான் துன்னும். போயி இட்டா."

ஸ்டேஷன் ரோடு வரைக்கும் ஓடினேன் என்றுதான் நினைக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தபோது மல்லிகாக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ரேவதி என் தோளிலிருந்து தாவினாள். கையோடு கை கொடுத்தேன். அன்றைக்கு நான் அலுவலகம் போகவில்லை. என் கத்தி அவள் மடியிலேயே இருந்ததையும் சாயங்காலம்தான் கவனித்தேன், கேட்க வாய் வரவில்லை.

மறுநாள் காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். ஃபியூஸ் பெட்டியின் மேல் கத்தி இருந்தது. தேய்ந்து வெளுத்த சிவப்பு, என்னுடையதுதான், சந்தேகமே இல்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தேன்.

மூலைத் துளையில் பல்குத்தும் குச்சி இருந்தது.

உள்ளேயிருந்து அவள் கத்தினாள். "செல்வி, வச்சிட்டேம்மா! எட்த்துக்கினியா?"

"எடுத்துட்டேன்க்கா!" என்று நான் கத்திய கத்தலில் மேல்மாடி மராத்திக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள்.